பெயர் ஒன்று, பொடி வேறு

ஒரு பண்டத்தின் பெயர் மாறாதிருக்க, அதன் உள்ளீடு மாத்திரம் மாறிவிடுமாயின், அதனை முன்னைப் பண்டமே என்று விற்றல் முறையாகுமா? இக்கேள்வி கிரேக்க ஞானிகளையும் பௌத்தத் துறவிகளையும் வருத்திய பழங்கேள்வியின் ஒரு கிளை. இன்று இதனை உள்ளங்கையில் அடங்கும் ஒரு டப்பியை முன்வைத்து ஆராயப் புகுகின்றேன். அந்த டப்பியில் இருப்பது கன்னத்திற் பூசும் சிவப்புப் பொடி. பிரெஞ்சுக்காரர் இதனை ரூஜ் என்பர். கடைகளில் பிளஷ் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பர்.

தலைப்பைக் கண்டதும் சில அன்பர்கள் நகைப்பார்கள் என்பது தெரியும். சீர்திருத்தப் பத்திரிகையில் முகப்பூச்சுக்கு என்ன வேலை என்பார்கள். காலைக் காப்பித்தூளின் மணம் ஒரு நாள் குறைந்தாலும் வீட்டை இரண்டுபடுத்தும் ஆடவர், தம் மனைவி பத்தாண்டு பூசிய பொடி மாறிவிட்டது என்று சொல்லும்போது மட்டும் அதனைப் பெண்பிள்ளைப் பேச்சு என்று தள்ளுவது எவ்வகை நியாயமோ அறியேன். பெண்கள் கன்னத்தைச் சிவப்பித்துக்கொள்வது வேண்டுமா வேண்டாமா என்பது வேறு வழக்கு. அதனை அவர்களே தீர்த்துக்கொள்வார்கள். நம்மிடம் தீர்ப்புக் கேட்டு எவரும் வரவில்லை. உயர்தரமென்று பெயர் பெற்ற பொடிகள் 200 வெள்ளிக்கு மேலும் விற்கப்படுகின்றன. அத்துணைப் பணத்தை ஒருத்தி தன் உழைப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும்போது, அவள் எதனை வாங்குகிறாள், விற்பவன் எதற்குக் கடமைப்படுகிறான் என்பதே நம் விசாரணை.

முதலில் பொருளை அறிந்துகொள்வோம். இப்பொடியின் பெரும்பகுதி நெடுங்காலமாக டால்க் எனப்படும் மாக்கல்லின் மென்தூளாகவே இருந்து வந்தது. அதன் துகள்கள் ஏடு ஏடாக அமைந்தவை; ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்பவை. விரலுக்குப் பட்டுப்போல் தோன்றுவதன் காரணம் இதுவே. அதனோடு அப்பிரகம் சேரும். நம் சிறுவர் மணலிற் பொறுக்கிக் காக்காப்பொன் என்று விளையாடுவது இதுதான். அதன்மேல் டைட்டானியம் டயாக்ஸைடை மெல்லிய தோலாகப் போர்த்தினால் முத்தொளி உண்டாகும். நிறத்திற்கு இரும்புத் துருவின் இனமான ஆக்ஸைடுகள், செயற்கைச் சாயங்கள், கார்மின் ஆகியவை உதவும். கார்மின் என்பது சப்பாத்திக் கள்ளியில் வாழும் கொச்சினீல் என்னும் பூச்சியை உலர்த்தி எடுக்கும் சாயம். ஓர் இராத்தல் உலர்ந்த சரக்குக்கு ஏறக்குறைய 70,000 பூச்சிகள் வேண்டும். பெரு தேசத்திலிருந்தே இது மிகுதியாக வருகின்றது. துகள்கள் ஒன்றோடொன்று பற்றி நிற்க ஸ்டியரேட்டு உப்புக்களும் சிலிக்கோன் எண்ணெய்களும் சேர்க்கப்படும். எல்லாவற்றையும் அரைத்துச் சலித்து, சிறிய உலோகத் தட்டில் இட்டு இயந்திரத்தால் அழுத்திவிட்டால் பொடி வில்லையாக நிற்கும். ஸ்டியரேட்டுக்கு வேண்டிய கொழுப்பமிலம் செம்பனை எண்ணெயிலிருந்தும் எடுக்கப்படுகின்றது. ஆகவே, தோட்டத்துக் கிராணி நிறுத்துக் கணக்கெழுதி ஆலைக்கு அனுப்பும் பழக்குலைக்கும் பாரிஸ் நகரத்துக் கன்னத்துக்கும் உறவே இல்லை என்று சொல்வதற்கில்லை.

இனி ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். பிரான்சுவா நார்ஸ் என்னும் பிரெஞ்சு ஒப்பனைக் கலைஞர் தம் பெயராலேயே 1994இல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். 1999இல் அந்நிறுவனம் பொன்மினுக்குக் கலந்த இளஞ்சிவப்புப் பொடி ஒன்றை வெளியிட்டது. அதன் பெயரை இங்கே அச்சிடப் பத்திராதிபர் இசையமாட்டார். சரக்கை விற்கும் ஆவலில் சிலர் நாணத்தையும் சேர்த்து விற்றுவிடுகின்றனர் என்பதோடு மேலே செல்கிறேன். அடுத்த ஆண்டு, அதாவது 2000இல், ஜப்பானின் ஷிசெய்டோ நிறுவனம் அதனை விலைக்கு வாங்கிற்று. பொடியோ உலகெங்கும் பரவிற்று. ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டு சென்றபின் டால்க் இல்லாத புதுக் கலவையில் அது மறுபடி வெளிவந்தது. பெயர் அதே பெயர். டப்பியின் கருநிறமும் அதே கருநிறம். மாற்றத்தை அவர்கள் மறைக்கவில்லை. புதியது என்று பறைசாற்றியே விற்றனர். பழையதில் பழகியவருள் நிறமும் மினுக்கும் வேறாயின என்று வருந்தினவர் உண்டு. இதுவே மேல் என்று மகிழ்ந்தவரும் உண்டு. இவ்விரு சாராரில் எவர் கண் சரியானது என்று தீர்ப்பது என் நோக்கமன்று.

மாறுவது எது என்பதை மாத்திரம் சொல்லவேண்டும். டால்க்கை நீக்கினால் அவ்விடத்தை அப்பிரகமோ, சிலிக்காவோ, சோளமாவோ, வேறு தூளோ நிரப்பவேண்டும். இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. மாவு ஈரத்தை உறிஞ்சும். அப்பிரகம் மிகுந்தால் மினுக்கு மிகும். சிலிக்கா வியர்வையை அடக்கும், ஆயின் வறட்சி தோன்றச் செய்யும். எண்ணெய்ப் பசை சற்று மிகுந்தால் தூரிகை பட்டுப் பட்டு வில்லையின் மேற்புறம் கண்ணாடிபோல் இறுகிப் பின்னர் நிறம் எழவே எழாது. கார்மினை நீக்கினால் நீலச் சாயல் ஓடும் அந்தத் தெளிந்த சிவப்பு எளிதில் திரும்பி வருவதில்லை. இரும்பு ஆக்ஸைடு தனித்து நின்றால் செங்கல்லின் சாயல் தட்டும். இவற்றைவிட நம் சகோதரிகள் அறியவேண்டியது ஒன்றுண்டு. வெண்மையான நிரப்புத்தூள் மிகுந்து சாயம் குறைந்த கலவை, வெளிறிய தோலுடையாள் கன்னத்தில் வேற்றுமையின்றி அமைந்துவிடும். அதே கலவை கறுத்த கன்னத்தில் சாம்பல் பூத்தாற்போல் நிற்கும். ஐரோப்பாவில் எவரும் உணராத மாற்றத்தை ஈப்போவில் ஒருத்தி முதல் நாளே உணர்வாள். அவள் சொல்லும்போது, 'உங்கள் கற்பனை' என்பார்கள்.

இனித் தத்துவத்திற்கு வருவோம். ஏதென்ஸ் நகரத்தார் தீசியஸ் என்னும் வீரனுடைய மரக்கலத்தைப் பாதுகாத்து வந்ததையும், உளுத்த பலகையை நீக்கி நீக்கிப் புதுப்பலகை பொருத்தியதையும், கடைசியில் இது அக்கலமேயா என்று அறிஞர் வாதிட்டதையும் புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். ஆங்கிலேய அறிஞர் ஹாப்ஸ் இன்னொரு முடிச்சைப் போட்டார். கழித்த பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து வேறொரு கலம் கட்டினால், இரண்டில் எது தீசியஸின் கலம்? நம் வழக்கில் இது வெறுங்கற்பனையன்று. ஒரு நிறுவனம் கைவிட்ட கலவையை ஒத்த பொடியை மற்றொருவன் மலிந்த விலைக்கு வேறு பெயரில் விற்பதைச் சந்தையிற் காணலாம். பெயர் ஓரிடத்தில் இருக்கிறது. பொருள் மற்றோரிடத்தில் இருக்கிறது.

ஆயினும் கலத்தின் கதை நமக்கு முற்றும் பொருந்தாது. ஏதென்ஸ் நகரத்தார் பலகை மாற்றியது பட்டப்பகலில், ஊரார் கண்ணெதிரே. பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்ட தோட்டங்கள் பழைய பெயர்ப்பலகையோடேயே நிற்கின்றன. அதனால் ஏமாந்தவர் எவரும் இல்லை, ஏனெனில் மரம் கண்ணுக்குத் தெரிகிறது. அழுத்திய பொடியின் உள்ளே கண் நுழையாது. கண் நுழையாத இடத்தில் சொல் ஒன்றுதான் சாட்சி.

இதற்கு இன்னும் நெருங்கிய உவமை மிலிந்தன் என்ற யவன அரசனுக்கு நாகசேனர் என்ற பௌத்தத் துறவி சொன்னது. ஒருவன் இடையனிடம் ஒரு குடம் பால் விலைக்கு வாங்கி, நாளை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று அவனிடமே வைத்துப் போகிறான். மறுநாள் பால் தயிராகிவிட்டது. நான் வாங்கியது தயிர் அன்று, என் பாலைக் கொடு என்று வழக்காடுகிறான். அரசன் இடையன் பக்கமே தீர்ப்புச் சொல்கிறான். அந்தப் பாலிலிருந்தன்றோ இந்தத் தயிர் வந்தது? நியாயமான தீர்ப்புத்தான். ஆனால் பால் தயிரானது காலத்தின் செயல். இடையன் இரவில் எழுந்து குடத்தைக் கவிழ்த்துவிட்டு வேறு எதையோ ஊற்றி வைத்திருந்தால், அரசன் அதே தீர்ப்பைச் சொல்லியிருப்பானா? பொடி தானாகப் புளிப்பதில்லை. ஒருவர் அமர்ந்து ஆலோசித்து, கணக்குப் போட்டு, கையொப்பமிட்டு மாற்றுகிறார்.

மாற்றுவதே குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. பழையது என்ற ஒன்றைக்கொண்டே எதனையும் போற்றுவோர் இப்பொடியின் சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்க்கவேண்டும். ஐரோப்பாவின் பிரபுக் குடும்பத்துப் பெண்கள் பல நூற்றாண்டு முகத்திற் பூசியது ஈயத்தின் வெள்ளை. கன்னத்தில் இட்டது பலமுறை பாதரசம் அடங்கிய இங்குலிகம். அழகுக்குப் பேர்போன கவென்ட்ரி சீமாட்டி 1760இல் இளவயதிலேயே இறந்தபோது, ஈயப்பூச்சே அவளைக் கொன்றது என்று மக்கள் பேசினர். ஜப்பானில் 1887இல் சக்கரவர்த்தியின் முன்னிலையில் நடந்த கபுகி நாடகத்தில், புகழ்பெற்ற நடிகர் ஒருவர் நடுக்கம் கண்டு தடுமாறினார். காரணம் ஈயம் என்று தெரிந்த பிறகே ஈயமில்லாத வெண்பொடி தேடும் முயற்சி அங்கே வேகம் பெற்றது. ஈயம் பூசிய முகத்தின் வழவழப்பு புதிய பொடிகளில் இல்லை என்று அன்றும் சிலர் அங்கலாய்த்திருக்கக் கூடும். அந்த அங்கலாய்ப்புக்குச் செவிசாய்த்திருந்தால் பிணங்களே மிஞ்சியிருக்கும். கலவை மாறியது கருணை. மாறாதிருந்தால் அதுவே கொலை.

நம் காலத்து மாற்றங்களுக்கும் தக்க காரணங்கள் உண்டு. டால்க்கும் கல்நாரும் பூமியில் பலவிடத்தில் அடுத்தடுத்த பாறைகளாகக் கிடப்பவை. தோண்டும்போது ஒன்றோடொன்று கலந்துவிடும் அபாயம் இருக்கிறது. 2024ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் டால்க்கை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக் கூடும் என்று கருதத்தக்க பொருள்களின் வரிசையில் வைத்தது. கெடாமற் காக்கும் பாரபென் மருந்துகளுள் ஐந்தினை ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் விலக்கிற்று. மென்மைக்காகச் சேர்க்கும் நைலான் முதலிய நுண்பிளாஸ்டிக் துகள்களுக்கு 2023இல் விதி செய்து, ஒப்பனைப் பொருள்களுக்கு 2035 வரை தவணை கொடுத்திருக்கிறது. ஆசியான் தேசங்கள் 2003இல் ஒப்பந்தம் செய்து 2008 முதல் ஐரோப்பிய முறையைப் பெரிதும் தழுவி நடப்பதால், அங்கே விலக்கியவை பெரும்பாலும் காலந்தாழ்த்தியேனும் இங்கேயும் விலக்கப்படுகின்றன.

இவை எல்லாம் பூசுவோரின் உடலைப் பற்றியவை. என் மனத்தை அதிகம் உறுத்துவது பூசாதவர்களைப் பற்றியது. முத்தொளி தரும் அந்தக் காக்காப்பொன்னின் கதையைச் சொல்கிறேன். இந்தியாவில் ஜார்க்கண்ட், பீகார் மாகாணங்களின் காடுகளில், கைவிடப்பட்ட சுரங்கங்களின் வளைகளுக்குள், சட்டத்துக்குப் புறம்பாக அது தோண்டப்பட்டு வந்தது. தோண்டியவருள் சிறுவரும் சிறுமியரும் இருந்தனர். உடல் சிறுத்திருப்பதால் குறுகிய வளைக்குள் நுழைய அவர்களே ஏற்றவர்கள்! 2016இல் ராய்ட்டர்ஸ் அறநிலையத்தின் செய்தியாளர்கள் அங்கே போய் விசாரித்தபோது, இரண்டே மாதங்களில் குறைந்தது ஏழு குழந்தைகள் மண் சரிந்து மாண்டதும், அம்மரணங்கள் மூடி மறைக்கப்பட்டதும் வெளிப்பட்டன. அடுத்த ஆண்டு பெரிய நிறுவனங்கள் பல கூடி இவ்வணிகத்தைச் செம்மை செய்வதற்கென்று ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தின. சுரங்கத்து அப்பிரகத்தைக் கைவிட்டு, உலையிற் செய்த செயற்கை அப்பிரகத்துக்கு மாறியவர்களும் உண்டு. (அதிலும் விவாதம் இருக்கிறது. வாங்குவதை ஒரேயடியாக நிறுத்திவிட்டால் அக்குடும்பங்களின் அரை வயிற்றுக் கஞ்சியும் போய்விடும் என்பார் சொல்வதைத் தள்ளிவிட முடியாது.)

இவ்விடத்தில்தான் விஷயம் கூர்மையடைகிறது. ஒரு நிறுவனம் குழந்தைகளை முன்னிட்டுக் கலவையை மாற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். மற்றொன்று சட்டத்துக்கு அஞ்சி மாற்றுகிறது. மூன்றாவது, விலையுயர்ந்த சாயத்தைக் குறைத்து மலிந்த நிரப்புத்தூளை ஏற்றி, லாபத்தை மிகுவித்துக்கொள்கிறது. கூடவே எடையையும் கொஞ்சம் குறைக்கிறது. இம்மூன்று டப்பிகளின் மேலும் என்ன அச்சிட்டிருக்கும்? 'புதியது, மேன்மையானது' என்ற ஒரே வாசகம். அல்லது ஒன்றுமே இராது. பிராயச்சித்தம் செய்தவனும், தண்டனைக்கு அஞ்சியவனும், கையாடியவனும் ஒரே சட்டையை அணிந்துகொண்டு வரிசையாக நிற்கின்றனர். வாங்குகிறவள் யாரைப் பாராட்டுவாள், யாரை விட்டு விலகுவாள்?

நல்ல காரியம் செய்தவன் ஏன் அதனை வெளிப்படச் சொல்வதில்லை என்று கேட்கலாம். சொன்னால் முன்பு செய்தது என்ன என்ற கேள்வி எழும். இதற்குத் தெளிவான சான்று ஒன்றுண்டு. ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனத்தின் குழந்தைப் பொடியை அறியாத குடும்பம் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இராது. 1894 முதல் விற்ற அப்பொடியில் இருந்தது டால்க். 2020 மே மாதத்தில் அமெரிக்காவிலும் கானடாவிலும் டால்க் பொடியை நிறுத்துவதாக அறிவித்தார்கள், 2022 ஆகஸ்டில், மறு ஆண்டு உலகெங்கும் டால்க்கை விட்டுச் சோளமாவுக்கே மாறுவதாகச் சொன்னார்கள், அப்படியே செய்தார்கள். அதேசமயம், பழைய பொடி தீங்கற்றது என்ற தம் கொள்கையில் அவர்கள் சிறிதும் தளரவில்லை. பல்லாயிரம் வழக்குகள் நீதிமன்றங்களில் நின்றன. தீங்கற்றதாயின் ஏன் நிறுத்தினீர் என்றால், விற்பனை குறைந்ததும் தவறான பிரசாரம் பரவியதும் காரணம் என்றார்கள். அவர்கள் கட்சி உண்மையோ அன்றோ, அதனை நீதிமன்றங்கள் ஆராயட்டும். ஒன்று மட்டும் நமக்குத் தெரிகிறது. உண்மையைச் சொல்பவன் தலையில் அபராதத்தைச் சுமத்தும் உலகில், மௌனம் சாதிப்பவனை மட்டும் குறைகூறிப் பயனில்லை. அந்த மௌனத்திற்குச் சட்டமும் ஒரு பங்காளி.

சட்டம் செய்வது என்ன? உள்ளீட்டுப் பட்டியலை அச்சிடு என்கிறது. எடை மிகுந்தது முன்னும் குறைந்தது பின்னுமாக எழுதவேண்டும். நூற்றுக்கு ஒன்றுக்குக் குறைந்தவற்றையும் சாயங்களையும் விருப்பப்படி வரிசை மாற்றி எழுதலாம். கலவை மாறினால் சர்க்காரின் ஆபீசுக்குப் புதிதாக அறிவிக்கவேண்டும். ஆனால் வாங்குகிறவளுக்கு அறிவிக்கவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அவள் பழைய டப்பியையும் புதிய டப்பியையும் பக்கத்திற் பக்கம் வைத்துக்கொண்டு, எறும்பின் கால் போன்ற எழுத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஒத்துப்பார்த்து, தானே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியது. தீர்ந்துபோன டப்பியை வைத்திருப்பவர் எத்தனை பேர்?

கணக்குப் புத்தகம் எழுதுகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. எழுதியதைச் சுரண்டி அழிக்கக் கூடாது. தவறாயினும் திருத்தமாயினும் பழைய எண்ணின்மேல் படிக்கும்படியாக ஒரு கோடு இழுத்து, புது எண்ணை மேலே எழுதி, பக்கத்தில் கையொப்பமிடவேண்டும். திருத்துவது குற்றமன்று, சுரண்டியதுதான் குற்றம். ஓரணாக் கணக்குக்குள்ள இந்த மரியாதை, 200 வெள்ளிப் பொடிக்கு ஏன் இல்லை?

வணிக இரகசியம் என்று சிலர் சொல்வார்கள். பட்டியலையே அச்சிட்டுவிட்டபின் 'இதனை நீக்கினோம், இதனைச் சேர்த்தோம்' என்று சொல்வதில் எந்த இரகசியம் போய்விடும்? வேறு சிலர், பெரும்பாலோர் வேற்றுமையை உணர்வதேயில்லை, உணராதவர்க்கு என்ன நஷ்டம் என்பார்கள். பாலில் நீர் கலப்பவனும் இதையேதான் சொல்கிறான். முதன்முறை வாங்குகிறவள் தடவிப் பார்த்து, ஒளியிற் பார்த்து, தோழியைக் கேட்டு வாங்குகிறாள்; அது சோதனை. இரண்டாம் முறை, ஐந்தாம் முறை அவள் சோதிப்பதில்லை. பெயரைச் சொல்லிப் பணத்தைக் கொடுக்கிறாள். பழைய பொடி சம்பாதித்து வைத்த நம்பிக்கையைப் புதிய பொடி சொல்லாமல் எடுத்துச் செலவு செய்கிறது.

வேறொரு தடையை அலட்சியம் செய்ய என்னால் இயலவில்லை. பொடிதான் மாறிற்றா, கன்னம் மாறவில்லையா என்று கேட்கிறவர்கள் உண்டு. முப்பது வயதின் தோல் இருபது வயதின் தோலன்று. எண்ணெய்ச் சுரப்பும் நிறமும் வேறு. பழைய வில்லையே கிடைத்தாலும், ஆண்டுக்கணக்கில் தூரிகையின் எண்ணெய் பட்டு அதுவும் தன் முதல் நிலையில் இராது. நினைவோ எப்போதும் சற்று அதிகமாகவே சிவப்பிட்டுக் காட்டும். ஆம், இவை எல்லாம் மெய். ஆனால் இதனால் விளைவது என்ன? தன் கண்ணையும் தன் நினைவையும் தானே சந்தேகித்துக்கொண்டு ஒருத்தி கண்ணாடியின் முன் நிற்கிறாள். அவள் ஐயத்தை ஒரு வாக்கியத்தால் நீக்கக் கூடியவர்கள் உண்மையை அறிந்தும் வாய் திறக்காதிருக்கிறார்கள். அவளுக்கு இருக்கிற அந்த ஐயத்தினாலேயே அவர்கள் கடமை அதிகமாகிறதே அன்றிக் குறைவதில்லை.

சீர்திருத்தக்காரர்க்கு இது பழக்கமான வழக்கே. வைதிகர் ஒருபோதும் மாறாதவர் அல்லர். அவர்களும் மாறுகிறார்கள், நேற்று விலக்கியதை இன்று ஏற்கிறார்கள், ஏற்ற மறுநாளே, ஆதிகாலந்தொட்டு இப்படித்தான் என்று சத்தியம் செய்கிறார்கள். சீர்திருத்தம் செய்கிறவனோ, பழையது இதனால் தீது, ஆகையால் மாற்றுகிறேன் என்று சபையில் எழுந்து சொல்லிக் கல்லடி படுகிறான். இருவர் கையிலும் வழக்கம் மாறிற்று. முன்னவன் மாற்றியதில் அநீதிக்கு ஆளானவர் பெயர் எங்கும் பதிவாகவில்லை.

பொடியிலும் அதுவே நிகழ்கிறது. காரணத்தைச் சொல்லாமல் கலவையை மாற்றும்போது, வளைக்குள் மாண்ட குழந்தைகள் இரண்டாம் முறையும் புதைக்கப்படுகிறார்கள். வாங்குகிறவளுக்கும் ஒரு நஷ்டம் உண்டு. அது மினுக்குக் குறைந்த நஷ்டத்தினும் பெரிது. 'இந்த ஒளி சற்று மங்கும், மங்குவதற்குக் காரணம் இது, இதற்கு இசைவீர்களா?' என்று அவளைக் கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள்? எல்லாரும் இசைந்திருப்பார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பழைய ஒளியே வேண்டும் என்று வேறு கடைக்குப் போகிறவர்களும் இருப்பார்கள். அப்படிப் போவார்களோ என்ற அச்சமே அவ்வணிகர் வாயைக் கட்டுகிறது. ஆனால் மங்கிய கன்னத்தை மனமொப்பி ஏற்றுக்கொள்ளக் கூடியவர்கள் பலர். அவர்கள் விருப்பத்தோடு செய்திருக்கவேண்டிய தியாகத்தை, அவர்கள் அறியாமலே அவர்கள் கையிலிருந்து பறித்து, அதற்குப் பதிலாக ஒரு மனக்குறையை வைத்துவிட்டார்கள். நன்மையில் பங்குகொள்ளவேண்டியவள் குறைசொல்கிறவளாக நிற்கிறாள். அவளைக் கன்னமாக எண்ணினார்களே தவிர மனச்சாட்சியாக எண்ணவில்லை.

எழுதவேண்டியதோ சிறிது. எந்த ஆண்டில் மாற்றினோம், எதனை நீக்கினோம், எதனைச் சேர்த்தோம், ஏன். சாயம் குறைந்திருந்தால் அதனையும், எடை குறைந்திருந்தால் அதனையும் அதே வரிசையில் எழுதலாம். லாபத்துக்காகவே மாற்றியவன் நான்காம் வரியில் என்ன எழுதுவான் என்று எண்ணிப் பார்க்கச் சிரிப்பு வருகிறது. ஆயினும் அவ்விடத்தை அவன் வெறுமையாக விட்டாலும் அவள் படித்துக்கொள்வாள். இந்நான்கு வரிக்கும் டப்பியின் அட்டைப் பெட்டியில் இரண்டு விரற்கடை இடம் போதும். அந்த இடத்தில் இப்போது நிறுவனத்தின் பெயர் பொன்னெழுத்தில் அச்சிடப்பட்டிருக்கிறது.